ஆளுக்கொரு பிடி

டிச. 9, செவ்வாய்
பனி. கொட்டச்சேடு பஸ் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. வாங்க வேண்டியது: தைலம், பூண்டு, தீப்பெட்டி. மணிக்கட்டு வலி விடவில்லை.

காப்பிப் பழம் பறிக்க வந்த கற்பகத்துக்கு இது இரண்டாவது வாரம். குப்பனூர்ப் பெண். புருஷன் மிளகு பறிக்க ஏறி விழுந்து கால் ஒடிந்து படுக்கை. இவள் கைதான் இப்போது அடுப்பெரிக்கிறது. ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பறிக்கிறாள், பூஜைக்குப் பூக் கொய்கிற மாதிரி. பாதி பச்சைக்காய். எடைக்கு முன் ஆளுக்கொரு பிடி பழம் அவள் சாக்கில் போடுகிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு எப்போதும் உண்டு.

எடை போடும் ரைட்டர் கண்டுபிடித்துவிட்டார். "நானும் பாத்துட்டுத்தான் இருக்கறன். சனிக்கெழம அந்தப் புள்ளயத் தனி வரிசையில உடறன். சாக்கு நெறையலீன்னா நின்னுக்கட்டும்."

டிச. 10, புதன்
பிடி போட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கூடப் பறிக்கிற சரோஜாக்காவுக்குக் கோபம். "ஒரு பிடியில நம்ம சாக்கு கொறஞ்சா போவுது? நெஞ்சுல ஈரமில்லாதவ."

"சனிக்கெழம ஈரத்தையா எட போடுவாங்க?"

கற்பகத்துக்குக் கொக்கிக் கயிறு கட்டிக் கொடுத்தேன். கிளையை வளைத்து மாட்டி, கயிற்றை மிதித்துக்கொண்டால் இரண்டு கையும் பறிக்கும். நாலு தடவை கிளை திமிறி முகத்தில் அடித்தது. சாயங்காலம் அரைச் சாக்கு. "ஏனுங்கக்கா, எம்மேல என்னங்க கோவம்?" என்றாள். கோபமில்லை என்று சொல்லியிருக்கலாம். "கயித்த நல்லா மிதி கண்ணு" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

ராத்திரி மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன்.

டிச. 12, வெள்ளி
தூறல். காலெல்லாம் அட்டைக்கடி. கயிறு அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. முக்கால் சாக்கு! பச்சைக்காய் மட்டும் நின்றபாடில்லை. "செவப்பு, செவப்பு" என்று கத்தியே என் தொண்டை போச்சு.

வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

டிச. 13, சனி
வெயில். கற்பகம் தனி வரிசை. நான் இடது கையால்தான் பறித்தேன். எத்தனை வருஷப் பழக்கம் இருந்தென்ன, அரைச் சாக்குக்கு மேல் ஏறவில்லை. சாக்கை எடைக்கு வைத்துவிட்டு, குழாயடியில் கொஞ்ச நேரம் கையைத் தண்ணீரில் காட்டிவிட்டு வந்தேன்.

முதலில் அவள் எடை. ரைட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மயிரிழைல தப்பிச்ச. ஒரு பிடி கொறஞ்சிருந்தா ஊட்டுக்குத்தான். பச்சை நொம்பக் கெடக்குது. திங்கக்கெழம வா."

அடுத்தது நான். சாக்கைத் தூக்கினால் கனம். கொட்டினேன். முதலில் விழுந்ததே பச்சைக்காய், சிவப்போடு கலந்து, இரண்டு கை அள்ளின அளவு. எங்கள் கூட்டத்தில் பச்சை பறிக்கிற கை ஒன்றுதான்.

தன் எடைக்கு முன்னாலேயே போட்டிருக்கிறாள், பைத்தியக்காரி. நிமிர்ந்து பார்த்தேன். கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள், ஒன்றும் தெரியாதவள் போல. அங்கேயே உட்கார்ந்து பச்சையை மட்டும் பொறுக்கி எறிந்தேன். கண் மறைத்ததில் நாலைந்து பழமும் போயிருக்கும்.

திங்கட்கிழமை அவளைத் திட்ட வேண்டும்.