ஆறா, பதினொன்றா

பெரம்பலூர்
ஆவணி 8

மதிப்பிற்குரிய அய்யாக்கண்ணு அண்ணன் அவர்களுக்கு,

கமலவேணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அனுசுயா அண்ணியும் மாப்பிள்ளை கலைவாணனும் சுகமாக இருக்கவேண்டும். மாப்பிள்ளை என்று எழுதியதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பேச்சு நின்றிருக்கிறதே தவிர முறியவில்லை என்பது என் கணக்கு. என் கணக்கு லேசில் தப்பாது.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் ஒரு மணி நேரப் பஸ். இதற்குப் போய் ஒரு கடிதமா என்று நினைப்பீர்கள். நான் போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணி எடுத்தால், அவர் தோட்டத்தில் இருக்கிறார் என்கிறார்கள். உங்கள் வீட்டில் தோட்டம் கிடையாது என்று எனக்குத் தெரியும். சம்பந்தம் பேசிவிட்ட நல்லுசாமியிடம் கொடுத்தனுப்பலாம் என்றால், அவர் பஸ் ஏறுவதற்கு முன்பே பிரித்துப் படித்துவிடுவார். அதனால்தான் ஸ்பீடு போஸ்ட். கையெழுத்துப் போட்டு வாங்கிய கவரைப் பிரிக்காமல் வைக்க யாருக்கும் மனசு வராது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆனி மாதம் தேவயானியைப் பெண் பார்க்க வந்தீர்கள். பூ வைக்காமல் எழுந்து போனீர்கள். கேட்டவர்களிடமெல்லாம், ஆடி வருகிறது, ஆவணியில் பேசிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம் என்று சொல்லிச் சமாளித்தேன். இப்போது ஆடியும் போய்விட்டது. ஆவணி முடிந்தால் புரட்டாசி, அப்புறம் யாரும் நல்ல காரியம் பேசமாட்டார்கள். ஊருக்கு நான் என்ன சொல்வது? நகையில் இழுபறி என்றால் நம்புவார்கள். ஜாதகம் சேரவில்லை என்றாலும் நம்புவார்கள். அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடிய இரண்டு பேரில் யார் பெரியவர் என்ற சண்டையில் என் மகள் கல்யாணம் நிற்கிறது என்று சொன்னால், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பார்கள்.

நல்லுசாமி வந்து உங்களுக்கு இரண்டு மனக்குறை என்றார். முதலாவது, நீங்கள் வந்து உட்கார்ந்து வெகுநேரம் வரைக்கும் பெண்ணின் அப்பா கைகூப்பியதோடு சரி, வாயையே திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்ற மரியாதை இல்லை. இரண்டாவது, அதற்குப் பிறகு அவர் வாயை மூடவே இல்லை. இரண்டும் உண்மைதான் அண்ணே. ஒன்றையும் மறுக்கப்போவதில்லை.

ஆனால் ஆரம்பித்தது நீங்கள். ஹாலில் மாட்டியிருக்கும் ஜோர்டான் படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவரு ரெண்டாவது ஆளாச்சே, இவரைப் போயி மாட்டியிருக்கீங்க" என்றீர்கள். விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். அந்தப் படம் எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் வீட்டுக்காரரிடம் இருப்பது. எங்கள் கல்யாணப் போட்டோ அதற்குக் கீழேதான் இருக்கிறது. அந்த வரிசையை நான் என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போ முதல் ஆள் யாரு என்று கேட்டார். பில் ரஸ்ஸல் என்றீர்கள். அவ்வளவுதான், வீட்டுக்கு வந்த காரியம் அதோடு முடிந்தது. ஃபைனலுக்குப் போன ஆறு தடவையும் ஜோர்டான் தோற்றதில்லை என்றார் இவர். ரஸ்ஸல் வாங்கியது பதினொரு கோப்பை, பதினொன்று ஆறைவிடப் பெரிது என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லித் தருவார்களே என்றீர்கள் நீங்கள். ரஸ்ஸல் ஆட வந்தபோது மொத்தமே எட்டு டீம், அது நம்ம தாலுகா மேட்ச் மாதிரி என்றார் இவர். குரும்பலூர்ப் பள்ளிக்கூடத்து பி.டி. சாரான இவரும் அரியலூர் சிமெண்ட் ஃபேக்டரி டீம் ஆட்டக்காரரான நீங்களும் அந்தக் காலத்தில் இதே பெரம்பலூர் கிரவுண்டில் எதிரெதிராக ஆடியவர்கள் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அதன்பிறகு கேட்கவேண்டுமா?

மூன்றாம் இடத்துக்கு நீங்கள் கரீம் அப்துல் ஜப்பாரைச் சொன்னீர்கள். இவர் லெப்ரான் ஜேம்ஸ் என்றார். ஒரே மேட்சில் நூறு பாயிண்ட் போட்ட வில்ட் சேம்பர்லினை எந்த இடத்தில் வைப்பது என்பதில் கேசரி ஆறிப்போனது. தேவயானி காபித் தட்டோடு வந்து நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ஜாடை காட்டினார்கள், நீயாவது போய் நிறுத்து என்று. நான் சமையலறை வாசலிலேயே நின்றேன், குறுக்கே போகவில்லை. அண்ணிக்கு அதில் வருத்தம் இருக்கும். ஏன் போகவில்லை என்று கீழே எழுதுகிறேன்.

கடைசியில், உங்களுக்குச் சிமெண்ட் தூசி கண்ணை மறைக்கிறது என்று அவர் சொன்னது தப்பு. சோறு போட்ட வேலையை அப்படிச் சொல்லக்கூடாது. அதற்கு அவர் சார்பில் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஜோர்டான் விஷயத்தில் மன்னிப்புக் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை.

இனி நான் எழுதப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இவருக்குப் போன வருஷம் உடம்பு முடியாமல் போனது உங்களுக்குத் தெரியும். நல்லுசாமி உங்களிடம் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். காய்ச்சல் இல்லை, பக்கவாதம். அவரிடம் நான் உள்ளது உள்ளபடிதான் சொன்னேன். நல்ல காரியத்தில் எதற்கு என்று அவராகவே குறைத்துவிட்டிருக்கிறார். பெண் கொடுக்கிற வீட்டில் இப்படி ஒன்றை மறைத்தோம் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது, அதனால் முழுவதும் எழுதுகிறேன். கை கால் தேறிவிட்டது. போனது பேச்சு. புத்தியில் குறையில்லை, எல்லாம் புரியும். சொல்லத்தான் வராது. டம்ளர் என்று சொல்ல வேண்டும் என்றால் விரலால் காட்டுவார். தேவயானியைக் கூப்பிட நினைத்து தன் தங்கை பெயரைச் சொல்லிவிட்டு, தப்பு என்று தெரிந்து தலையைக் குனிந்துகொள்வார். திருச்சியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், தினமும் காய்கறிப் பெயரைச் சொல்லிப் பழகுங்கள் என்று சொல்லி அனுப்பியது. கத்தரிக்காய், வெண்டைக்காய் என்று நான் சொல்ல இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நாலு நாள் செய்தார். கிரவுண்டின் அந்தக் கோடிவரை கேட்கிற மாதிரி அதட்டிக்கொண்டிருந்த மனுஷன், பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்து கத்தரிக்காய் சொல்ல வெட்கப்பட்டார். அதோடு பயிற்சியை விட்டார், அப்படியே பேசுவதையும் விட்டார்.

அதனால்தான் நீங்கள் வந்தபோது கைகூப்பியதோடு நின்றார். அது திமிர் இல்லை. சம்பந்தி வீட்டார் எதிரில் ஒரு வார்த்தை தப்பாக வந்துவிட்டால் மகளுக்கு அவமானம் என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

பிறகு நீங்கள் ஜோர்டானை இரண்டாவது ஆள் என்றீர்கள்.

நான் அடுப்படியில் இருந்தேன். அவர் குரல் கேட்டது. யாரோ வேறு ஆள் வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வந்து எட்டிப் பார்த்தால் இவர்தான் பேசுகிறார். முதலில் தடுக்கியது. நீங்கள் விடாமல் மடக்கினீர்கள். மடக்க மடக்க வார்த்தை வந்தது. "ஹக்கீம் ஒலாஜுவானை உட்டுட்டு என்ன பெரிய லிஸ்ட்டு போடுறீங்க" என்று கேட்டாரே, உங்களுக்கு அது சண்டையாகத் தெரிந்திருக்கும். அந்தப் பெயர் எனக்கே வாயில் நுழையாது. கத்தரிக்காய் சொல்ல வராத வாய் அதை ஒரு தடங்கல் இல்லாமல் சொல்லியது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சண்டையை நிறுத்தச் சொல்லி அண்ணி என்னைப் பார்க்கிறார்கள். நானோ, இது நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். மகள் கல்யாணம் என் கண்ணெதிரே கெட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. என்னால் போய் நிறுத்த முடியவில்லை அண்ணே.

நீங்கள் போனபிறகு ஒரு வாரம் வீடே வேறு மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, "எட்டு டீம்னாலும் பதினொண்ணு பதினொண்ணுதான்னு சொல்லுவாரு, அதுக்கு ஒரு பதில் இருக்கு" என்றார். செல்போனில் பழைய மேட்ச் எல்லாம் தேடிப் பார்த்தார். ரஸ்ஸல் ஆடியதைத்தான் அதிகம் பார்த்தார், உங்களை மடக்குவதற்கு. கண்ணாடி முன்னால் நின்று பதில் சொல்லிப் பழகினார். தூசி என்று சொல்லியிருக்கக்கூடாது என்று அவராகவே என்னிடம் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவீர்கள் என்று சட்டையை இஸ்திரி போடச் சொன்னார்.

நீங்கள் வரவில்லை. அவர் மறுபடியும் குறைந்துகொண்டு வருகிறார். நேற்று முழுக்க அவர் சொன்னது, தண்ணி, போதும், இரண்டே வார்த்தை.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளையிடம் தேவயானியே விஷயத்தைச் சொல்லி, அவர் இவருக்குப் போன் போட்டுப் பேசினார். (இருவரும் போனில் பேசிக்கொள்வது நமக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம்.) பாவம், இவர் எதைச் சொன்னாலும், "ஆமாங்க மாமா, கரெக்டுங்க மாமா" என்றே சொன்னார். நல்ல வளர்ப்பு, உங்களையும் அண்ணியையும் பாராட்டவேண்டும், ஆனால் இதற்கு உதவவில்லை. தேவயானி முதலிடம் ஸ்டீபன் கர்ரிக்கு என்றாள். தலையில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நானும் என் பட்டியலைச் சொன்னேன். எனக்கு முதல் ஆள் மேஜிக் ஜான்சன். நீங்கள் இரண்டு பேரும் அன்று அவரை ஐந்துக்குக் கீழே தள்ளினீர்கள், நான் கவனித்தேன். பந்தை நான் தொட்டதே இல்லை; ஆனால் முப்பது வருஷமாகக் காது இருக்கிறது. மேஜிக் ஆட வந்த முதல் வருஷம், ஃபைனலில் கரீமுக்குக் கால் பிசகிவிட்டது. நடுவில் நிற்க ஆள் இல்லை. பந்தைக் கொண்டுவந்து பிரித்துக் கொடுக்கிற பையன், நான் நிற்கிறேன் என்று கரீம் இடத்தில் போய் நின்று கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டான். எனக்கு அது போதும். இவர் படுத்தபிறகு குரும்பலூர்க் காட்டில் சின்ன வெங்காயம் நான்தான் போட்டேன். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். தெரிந்த வேலையை நன்றாகச் செய்கிறவர்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் நிறுத்துங்கள். தெரியாத இடத்தில் போய் நின்றவர்தான் எனக்கு முதலில். இதைச் சொன்னபோது இவர் என்னையே பார்த்தார். கண் கலங்கியது. கையைப் பிடித்துக்கொண்டார். சண்டைக்கு வரவில்லை. எனக்கு அன்று கைப்பிடியா வேண்டும், அண்ணே? ஒரு அதட்டல் வேண்டும்.

அதற்கு நீங்கள்தான் வேண்டும். வேறு ஆள் இந்த இரண்டு ஜில்லாவிலும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள். அண்ணி பூவோடு வரட்டும். போன தடவை மேஜைமேல் மறந்துவிட்டுப் போன மல்லிகைச் சரத்தை நான் தேவயானி தலையில் வைக்கவில்லை, சாமி படத்துக்குத்தான் போட்டேன். அவளுக்கு அண்ணி கையால்தான் வைக்கவேண்டும். மீன் குழம்பு உங்களுக்குப் பிடிக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார். நல்ல காரியத்தன்று அது ஆகாது, நிச்சயம் முடிந்து ஒரு நாள் வைக்கிறேன். நான் எழுதியது இவருக்குத் தெரியாது. இரக்கப்பட்டு வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் வாயைத் திறக்கமாட்டார். அதனால் முகத்தை நன்றாகக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே வாருங்கள்.

பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்று உங்கள் சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். அண்ணியும் சொல்லியிருப்பார்கள். நான் அப்படிக் கேட்கவில்லை. பூ வைத்து, தேதி குறித்து, சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஹாலில் அந்தப் படத்துக்கு நேராக உட்கார்ந்து ஆரம்பியுங்கள். அவருக்கு வார்த்தை வராமல் நின்றால், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், காத்திருங்கள். அவரே சொல்லட்டும்.

நீங்கள் நூறு வருஷம் நல்லபடியாக இருக்கவேண்டும் அண்ணே. அத்தனை வருஷமும் ரஸ்ஸலை மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் உடன்பிறவாத் தங்கை
பி. கமலவேணி