இருநூற்றுப் பதின்மூன்றாவது படம்

ஆமாம் அப்பா, வேளைக்குச் சாப்பிடுகிறேன். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது?

உங்களுக்கு வந்திருக்கும் இந்த முதுகெலும்புக் காசநோய்க்கான அறுவைச் சிகிச்சை முப்பது ஆண்டுகளில் எப்படி மாறியது என்று அட்டவணை போடுவதுதானே என் வேலை. வெட்டு சிறிதாகிக்கொண்டே வருகிறது, பயப்படாதீர்கள். நேற்று உங்கள் எக்ஸ்ரேயைத் தவறுதலாக ஆய்வுப் படங்களோடு சேர்த்துவிட்டேன்; அட்டவணையில் அது இருநூற்றுப் பதின்மூன்றாவது வரியாகிவிட்டது.

"இருநூத்திப் பதிமூணுக்கு முடிவு எழுதலையேம்மா? நடந்தாரா, இல்லையா?" என்றார் பேராசிரியர்.

"இன்னும் ஆபரேஷனே ஆகல சார்."

"அப்புறம் எப்படி உள்ள வந்தாரு?"

"என்கூட வந்துட்டார் சார். எங்கப்பா."

நான் மட்டும் சிரித்தேன்.

வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை முடிந்ததும், உங்கள் கால்விரல்கள் அசைகின்றனவா என்று அம்மாவை உடனே சொல்லச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு. இங்கே என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஆய்விலிருந்து உங்கள் படத்தை எடுத்துவிட்டேன். அட்டவணையில் உங்கள் வரியை மட்டும் அழிக்காமல், முடிவுக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.