கண்டது ஒரு பத்தி, நம்புவது ஒரு பத்தி

மதினி,

அப்பா வீட்டைத் தம்பிக்கு எழுதிக் கொடுக்க இன்றைக்குப் பத்திர ஆபீசுக்குப் போயிருந்தேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று மூன்றாம் வகுப்புப் பெருமையோடு சொன்னேன். கையெழுத்தும் வேண்டும், ரேகையும் வேண்டும் என்று சொல்லி என் பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கினார் குமாஸ்தா. "ஏன் சாமி, ஏற்கெனவே கறுத்த விரலுதான, மை வேற எதுக்கு?" என்றேன். ஆபீஸே சிரித்தது. வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன், சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். நீலம் போகவில்லை. வாடையும் போகவில்லை. அந்த வாடையோடு நீ வந்து அடுப்படியில் நிற்கிறாய்.

தொண்ணூற்றிரண்டு வெள்ளம் வடிந்து, அம்பாசமுத்திரத்தில் வீட்டுக்கு வீடு சேற்றை அள்ளிப்போட்டு, அரிசி ஆலைக் களத்தில் மறுபடியும் அவித்த நெல்லைக் காயப்போடத் தொடங்கியிருந்தார்கள். நீ முன்னால், நான் பின்னால், காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே போவோம். உன் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கால்வாயில் மடை திறந்து அடைக்கிற அரசாங்க லஸ்கர். வாரத்தில் பாதி நாள் ஆற்றங்கரைக் கொட்டகையில்தான் கிடப்பார். வெள்ளம் வந்த ராத்திரி தண்ணீர் கொட்டகையைச் சுவரோடு கொண்டுபோனது. அண்ணனையும் சேர்த்துத்தான் என்று ஊரே முடிவு கட்டியது. உடம்பு கிடைக்கவில்லை. நீ பொட்டை அழிக்கவும் இல்லை. "கண்ணால காணாம எதுக்குளா அழிக்கணும்?" என்றாய். பாவம், மனசு கேட்கவில்லை என்று ஊர் விட்டுவிட்டது.

அண்ணன் இறந்தது உறுதியானால் உன் மகனுக்கு வாரிசு வேலை. இருபது வயசு, திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தான். அந்த வேலைக்காக அவன் ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினான். கடைசியில், உடம்பு கிடைக்காததால் பெண்டாட்டி ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"அது என்னளா பத்திரம்?" என்று கேட்டாய்.

"உனக்கு ரெண்டாங் கல்யாணம் மதினி. மாப்பிள கவர்மெண்டு" என்றேன். நெல்லை அள்ளி என் மேல் எறிந்தாய்.

கோர்ட்டுக்கு எதிரே மரத்தடியில் டைப் அடிக்கிற அண்ணாச்சியிடம் போனோம். நீ, உன் மகன், துணைக்கு நான். ஒரு சமாச்சாரத்தை அந்த அண்ணாச்சி மாதிரி எனக்கு யாரும் விளங்கச் சொன்னதில்லை. "யம்மா, நான் அடிச்சாலும் இது நீங்க பேசுத பேச்சு. நீங்க கண்டது ஒரு பத்தி, நம்புதது ஒரு பத்தி. ரெண்டையும் கலக்கப்பிடாது. கீழ உங்க ரேகை. பொய்யின்னா அது உங்க தலையிலதான் விடியும்."

நீ அந்தத் தாளை எட்டிப் பார்த்தாய். "கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுத மாதிரியா அண்ணாச்சி?"

"அதேதான். அங்கன சாமி கேக்கும், இங்கன கோர்ட்டு கேக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்."

உனக்கு எளிதாகப் புரியட்டும் என்றுதான் அவர் அப்படிச் சொன்னார். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துப் பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். பசி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் உன் விரலில் மையைத் தடவிவிட்டு, அடித்ததைப் படித்துக் காட்டினார். மேற்படி நாளில் என் கணவர் மடைக் கொட்டகையில் பணியில் இருந்தார், வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார், இவை யாவும் உண்மை என்று உறுதி கூறுகிறேன். உன் விரல் தாளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றது.

"அவுக கொட்டகையில இல்ல அண்ணாச்சி."

"எம்மா!" என்றான் உன் மகன்.

"அன்னைக்குக் காலையில வீட்டுக்கு வந்தாக. நல்ல வேட்டிய மஞ்சப் பையில வச்சாக. தென்காசி பஸ்ல ஏறிட்டாக. என்னத் தேடாதன்னு சொல்லிட்டுத்தான் ஏறினாக."

களத்தில் தினமும் உன் பின்னால் நடந்தவள் நான். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"ஏன் இத்தன மாசமா சொல்லல?" என்று கேட்டான் அவன்.

"வெள்ளச் சேதி கேட்டாவது வருவாகன்னு இருந்தேன். நாம செத்தமா இருக்கமான்னு பாக்க வருவாகல்லா?"

அண்ணாச்சி நல்ல மனுசன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரு வழி சொன்னார். "சரி, கண்டத விடுங்க. அவர் பஸ்ஸ விட்டு இறங்கித் திரும்பி வந்திருக்கலாம், யாரு கண்டா? இறந்துட்டதா நம்புகிறேன்னு ஒரு வரி போட்டுப் பாப்போம். நம்பிக்கை தப்பிப்போனா அது பொய்யில்ல."

"நான் நம்பலியே அண்ணாச்சி."

என் வாய் சும்மா இருக்குமா? "நம்பித் தொலையேன் மதினி! குடிய விட்டுட்டேன்னு அண்ணன் சொன்னப்பல்லாம் நம்பினியே, இத நம்பக் கூடாதா?" என்றேன். பக்கத்தில் பலகை போட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "ஏட்டி, இதுல நான் விரல வச்சா, அவுக எங்கன இருந்தாலும் அந்த நிமிசம் செத்துருவாக" என்றாய்.

உன் மகன் கத்தவில்லை. பைய, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். "நான் உசிரோடதான இருக்கேன். எனக்காக ஒரு விரலு வைக்க மாட்டியாம்மா?"

நீ வேர்வையைத் துடைக்கப் போய், பொட்டின் மேல் நீலத்தை அப்பிக்கொண்டாய். தாளில் வைக்காத விரலைத் தூக்கிப் பிடித்தபடியே வீடுவரை நடந்தாய். சேலையில் ஒட்டிவிடுமாம். பின்னால் வந்த நான் அதற்கும் ஒரு கேலி பேசினேன். என்ன பேசினேன் என்பது இப்போது நினைவில் இல்லை.

விஷயம் ஆபீஸ்வரை போய்விட்டது. வேலை இல்லை என்றார்கள். அவன் திருப்பூருக்குப் போனான். அங்கிருந்து சூரத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். ஊர் உன்னை வெள்ளத்தில் புருசனைக் கொடுத்தவள் என்று சொன்னது போய், ஓடிப்போனவன் பெண்டாட்டி என்றது. முன்னதற்கு இடம் விட்டு உட்கார்ந்தவர்கள், பின்னதற்கு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நீ களம் முடிந்து தென்காசி பஸ் வந்து போகும் வரைக்கும் முக்கில் நிற்பாய். "இப்ப நீ ரெண்டு பேருக்காக நிக்க மதினி. ஒரே பஸ்ல வந்துட்டா உனக்குக் கால்வலி மிச்சம்" என்பேன். "போளா மூதி" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் அதையே சொன்னேன். வருசக்கணக்கில் சொன்னேன். யாரும் வரவில்லை.

சரி பொய்யென்றே வைத்துக்கொள், ஒரு விரல்தானே, வைத்திருக்கலாமே என்று நான் பல நாள் நினைத்ததுண்டு. வைத்திருந்தால் மகனாவது பக்கத்தில் இருந்திருப்பான். உன்னிடம் இதை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் வேடிக்கைப் பேச்சு தீர்ந்துவிடும், அப்புறம் நமக்குள் பேச என்ன இருக்கும்?

காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். சூரத்துக்குத் தந்தி போனது. அவன் வரவில்லை. உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது பெண்களுக்குள் பேச்சு வந்தது. "ஏளா, இவ புருசன் இருக்கானா, இல்லையா? பூ வைக்கவா, வேண்டாமா?" மரத்தடியில் கேட்ட அதே கேள்வியை உன் தலைமாட்டில் கேட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருக்கிறவள்தானே நான். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"இருக்கான். பூ வைங்க" என்றேன்.

மல்லிகைப்பூ வைத்தார்கள். குங்குமத்தை நான்தான் வைத்தேன், இந்தப் பெருவிரலால்.

அண்ணாச்சி சொன்ன கணக்கில் பார்த்தால், நான் கண்டது ஒரு பத்தி: நீ நின்றாய், அண்ணன் வரவில்லை, மகனும் வரவில்லை, உன்னைப் பூவோடு கொண்டுபோனோம். அடுத்தது நம்புகிற பத்தி. அதில் எனக்கு இருப்பது "இருக்கான்" என்று அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு சொல்தான். அதற்குக் கீழே ரேகை வை என்று இன்றைக்கு யாராவது தாளை நீட்டினால், மதினி, நானும் உன்னைப் போல மை தொட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன்.