ஜனாதிபதியின் ரயிலைத் தள்ளினோம்

அன்புள்ள அம்மாவுக்கு, ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம். தோள் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்படாதே.

சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை, கடற்காற்று பட்டால் தேறுவார் என்று நான் வேலை பார்க்கும் இந்தக் கடற்கரை ஊருக்கு ரயிலில் கொண்டுவந்தார்கள். அவர் தங்கும் வீட்டு வாசல்வரை நாங்கள்தான் தண்டவாளம் போட்டோம். கடைசி மேட்டில் இன்ஜின் திணறி நின்றுவிட்டது.

"அலுங்காம தள்ளுங்கப்பா! உள்ள கெடக்கறவருக்கு மூச்சு விட்டாலே வலிக்குது!" என்றார் மேஸ்திரி டோலன்.

நூற்றுக்கணக்கானோர் கையாலேயே தள்ளி ஏற்றினோம். இருந்தும் அவர் பிழைக்கவில்லை, அம்மா. போட்ட தண்டவாளத்தை நாங்களே பெயர்த்தெடுத்தோம்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. போன வருடம் அப்பாவின் சவப்பெட்டியை யார் யார் சுமந்தார்கள் என்று நீ எழுதவே இல்லை. அதையும் எழுது. தபால்காரர் காத்திருக்கிறார்.

உன் மகன்,
கார்மக்