படாக் மேனைப் படைத்தவளுக்கு

பக்கத்து வீட்டுச் சிறுமி இன்று காலை ஒரு தாளை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். “ஆன்ட்டி, நாமளே ஒரு சூப்பர் ஹீரோவ உருவாக்கணுமாம். அவருக்கு என்னென்ன பவர்னு இங்கிலீஷ்ல எழுதணும். ஹெல்ப் பண்றீங்களா?” தாளில் முகமில்லாத ஓர் உருவம் அச்சாகியிருந்தது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. “சாயங்காலம் வாம்மா” என்று அவளை அனுப்பிவிட்டு, துருவியதைக்கூட மூடி வைக்காமல் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சூப்பர் ஹீரோ என்ற சொல் அப்போது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அந்தமானின் லாங் ஐலண்டில், தகரக் கூரை போட்ட அந்தப் பள்ளிக்கூடத்தில், நீ ஒருவனை உண்டாக்கினாய்.

போர்ட் பிளேர் கப்பலிலிருந்து நீ வந்திறங்கிய காட்சி கண்ணிலேயே நிற்கிறது. வழியெல்லாம் வாந்தி எடுத்து வெளுத்துப்போய், படகுத்துறை ஜெட்டியில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாய். புது டீச்சரை அழைத்துப்போக வந்த என்னை நிமிர்ந்து பார்த்து, “ஏட்டி, நீதான் கணக்கு டீச்சரா? கொஞ்சம் பொறு. இந்தத் தீவு ஆடுறத நிறுத்தட்டும், எந்திரிக்கேன்” என்றாய். முன்பின் தெரியாத ஒருத்தி என்னை ஏட்டி என்றது எனக்குத் திடுக்கென்றது. நான் தஞ்சாவூர்க்காரி, அப்பா வனத்துறையில் கிளார்க், வாங்க, போங்க என்று பேசியே வளர்ந்தவள். உன் அப்பா தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்து போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் தச்சு வேலை செய்தவர். உன் வீட்டுக்காரர் பயணிகள் கப்பலில் எஞ்சின் டிரைவர், மாதத்தில் பாதி நாள் கடலில். நமக்கு ஒட்டினாற்போல இரண்டு குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் உன் அடுப்பில் என் குழம்பு கொதித்தது.

உனக்குக் கொடுத்த மூன்றாம் வகுப்பில் வீட்டில் வங்காளம் பேசுகிற பிள்ளை இருந்தது, தெலுங்கு, மலையாளம், தமிழ் எல்லாம் இருந்தன. விளையாட்டில் எல்லாருக்கும் ஹிந்தி. இங்கிலீஷ் மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. பாடப் புத்தகத்தில் ரயில் படம், பனி படம், ஆப்பிள் படம். ரயிலையே பார்த்திராத பிள்ளைகள் “தி ட்ரெயின் இஸ் லாங்” என்று கோரஸாகக் கத்துவார்கள். தனியாக ஒருவனை எழுப்பி உன் பெயர் என்ன என்று இங்கிலீஷில் கேட்டால் வாயைத் திறக்க மாட்டான்.

ஒரு நாள் நீ புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கரும்பலகையில் பெரிதாக ஓர் ஆளை வரைந்தாய். பக்கத்து வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்குத் தட்டி இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்டது. “இவன் நம்ம தீவு ஆளு. இவனுக்கு என்ன பலம் வேணும்னாலும் நீங்க கொடுக்கலாம். ஆனா இங்கிலீஷ்ல, முழுசா, தப்பில்லாம சொன்னாத்தான் அந்தப் பலம் அவனுக்கு வரும்.” இதையே ஹிந்தியிலும் சொன்னாய்.

 மரம் அறுக்கும் மில் தொழிலாளி மகன் ஒருவன் எழுந்து, “ஹீ கேன் லிஃப்ட் எ லாக்” என்றான். நீ அந்த ஆளின் தோளில் ஒரு பெரிய மரத்தடியை வரைந்தாய். அவ்வளவுதான், வகுப்பின் கூச்சம் உடைந்துவிட்டது. ஹீ கேன் ஸ்டாப் தி ரெயின். ஹீ கேன் ஈட் எ ஷார்க். மில்லில் அறுக்கிற சிவப்புப் படாக் மரத்தைப்போல உறுதியானவன் என்று அவனுக்குப் படாக் மேன் என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள்.

ஹெட்மாஸ்டர் ஜன்னலோரம் வந்து நின்று, “பஹன்ஜி, ஸிலபஸ் கஹாங் கயா?” என்று கேட்டார். ஸிலபஸ் எங்கே போயிற்று என்கிறார். நீ சிரித்தபடி, “ஆப் பீ குச் போலியே, ஸர்” என்றாய். நீங்களும் ஒன்று சொல்லுங்கள் என்று! அவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, “ஹீ கேன் ரிப்பேர் தி ரூஃப்” என்றார். ஒழுகுகிற கூரைக்காக அவர் மேலிடத்துக்கு எழுதிப்போட்டு ஓய்ந்துபோனவர் என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அவர்கள் சிரித்த சிரிப்பில் என் கணக்கு வகுப்பும் கலைந்தது.

ரீனாவை உனக்கு நினைவிருக்கும். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். வந்ததிலிருந்து வகுப்பில் ஒரு வார்த்தை பேசாதவள். ஒரு நாள் அவளாகவே எழுந்து, “ஹீ கேன் பிரிங் ஷிப்” என்றாள். அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றி வரவேண்டிய கப்பல் அப்போது வராமல் இழுத்துக்கொண்டிருந்தது. “‘தி’ எங்கம்மா? பிரிங் தி ஷிப்” என்று நீ திருத்தினாய். அவள் திருப்பிச் சொன்னாள். நீ படாக் மேனின் கையில் ஒரு கப்பலை வரைந்தாய். இரண்டு நாளில் கப்பலும் வந்து சேர்ந்தது. ரீனா ஜெட்டியில் நின்ற நிற்பைப் பார்க்கவேண்டுமே, கப்பலையே அவள்தான் இழுத்துவந்த மாதிரி!

மழைக்காலம் தொடங்கும்போது உனக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. பிரசவத்துக்குப் போர்ட் பிளேர், அம்மா வீடு என்று துணிமணி எடுத்து வைத்திருந்தாய். கடல் மோசமாகி, போகவேண்டிய கப்பலை ரத்து செய்தார்கள். “அடுத்த கப்பல்ல போய்க்கிடலாம், ஏட்டி. இன்னும் நாள் கிடக்கு” என்றாய்.

நாள் கிடக்கவில்லை. வகுப்பு நடக்கும்போதே வலி வந்தது. டிஸ்பென்சரியின் நர்ஸம்மா தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்து, “இங்க வச்சிருக்கக் கூடாது. மாயாபந்தர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடணும்” என்றார். மரத்தடி இழுக்கும் லாஞ்ச் படகு ஒன்றுதான் ஜெட்டியில் இருந்தது. அதன் டிரைவர் கடலைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மறுபேச்சில்லாமல் எஞ்சினைக் கிளப்பினார்.

உன்னைப் பாயோடு தூக்கி வைத்தோம். நர்ஸம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். லாஞ்ச் நகரும்போது பார்த்தால், பள்ளிக்கூடமே மழையில் ஜெட்டிக்கு ஓடிவந்திருக்கிறது. யார் தொடங்கியது என்று தெரியவில்லை. எல்லாரும் கடலைப் பார்த்துக் கத்தினார்கள். “ஹீ கேன் ஸ்டாப் தி ரெயின்! ஹீ கேன் புல் தி போட்!” எல்லாருக்கும் முன்னால் நின்று ரீனா தொண்டை கிழியக் கத்தினாள்: “ஹீ கேன் ஸ்டாப் ஸீ!”

நீ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய். அந்த வலியிலும் என் கையைப் பிடித்து இழுத்து, “‘தி’ய விட்டுட்டா பாரு” என்று சிரித்தாய். அதன் பிறகு நீ பேசியதெல்லாம் மாதாவிடம்தான். 

மாயாபந்தர் எட்டுவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. நர்ஸம்மா தன் சேலையைக் கிழித்து அடைத்துக்கூடப் பார்த்தார். ஜெட்டி கண்ணுக்குத் தெரிந்தபோது உன் கை என் கையை விட்டது. நாள் நிறையாத அந்தப் பெண் குழந்தையும் கரை ஏறுவதற்குள் போய்விட்டாள். உன் வீட்டுக்காரர் மறுநாள் வந்தார். உங்கள் இருவரையும் ஒரே பெட்டியில் வைத்து, மாயாபந்தர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மண் போட்டதும் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். அதன்பின் அந்த மனிதர் கப்பல் வேலைக்குத் திரும்பவேயில்லை.

நான் தீவுக்குத் திரும்பினேன். உன் வகுப்பையும் என்னிடமே கொடுத்தார்கள்.  முதல் நாள் பாடம் முடிந்து எல்லாரும் போன பிறகு ரீனா மட்டும் என் மேஜையருகே நின்றாள். “மிஸ், மைனே ‘தி’ நஹீன் போலா. இஸ்லியே?” என்று கேட்டாள். நான் ‘தி’ சொல்லவில்லை, அதனால்தானா?

தப்பில்லாமல் சொன்னால்தான் பலம் வரும் என்று நீ சொன்னதை அவள் நம்பியிருக்கிறாள். அந்த ஒற்றைச் சொல்லால் நீ செத்துப்போனாய் என்று இத்தனை நாள் தனக்குள்ளே வைத்துப் புழுங்கியிருக்கிறாள். நான் அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து, “இல்லடா. நீ சரியாத்தான் சொன்ன. டீச்சர் கேட்டாங்க. கேட்டுச் சிரிச்சாங்க” என்று ஹிந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். அவள் நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த வருடம் அவள் குடும்பம் வேறு தீவுக்குப் போய்விட்டது. அதுவரை அவள் வகுப்பில் எழுந்து பேசவேயில்லை.

உன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அப்படியொரு ஆளை ஏன் பிள்ளைகளுக்குக் கொடுத்தாய் என்று உன் காலி குவார்ட்டர்ஸ் சுவரைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த வகுப்பில் நீ வரும்வரை ஒரு குழந்தையும் தன் வாயால் ஒரு வாக்கியம் சொன்னதில்லை. அதுவும் உண்மைதானே. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நான் ஓய்வுபெறும்வரை பாடம் நடத்தினேன்.

இன்னொன்று இருக்கிறது. அதை உன் அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் வீட்டுக்காரர் கேட்கவில்லை. நர்ஸம்மா உன்னோடு போராடிக்கொண்டிருந்தார். அதனால் உன் மகளை நான்தான் என் சேலைக்குள் வைத்திருந்தேன். அவள் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். உன்னைப்போலவே மாநிறம். தலை நிறைய முடி, ஈரத்தில் நெற்றியோடு ஒட்டிக்கிடந்தது. மேலுதடு நடுவில் கொஞ்சம் தூக்கினாற்போல இருக்கும். அழவேயில்லை. ஒரே ஒருமுறை கண்ணைத் திறந்தாள். நல்ல கறுப்பு. என் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்; சின்னப் பிடிதான், ஆனால் கடைசிவரை விடவில்லை. ரொம்ப அழகாக இருந்தாள், ஏட்டி.