அம்மாவின் விலாவுக்குப் போட்ட ப்ளாக்

திருப்புலிவனம்
11-2-1982

அன்பு மகள் ஆதிலட்சுமிக்கு,

நான் நலம். பட்டணத்து ஆஸ்பத்திரியில் உன் அம்மா நேற்றிலிருந்து நலம், துணைக்கு இருக்கும் சிட்டம்மாள் சித்தியும் நலம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்தேன், நாளை முதல் பஸ்ஸில் திரும்புகிறேன்.

நாலாம் வகுப்பில் பல் பிடுங்கிக்கொண்டு வந்த அன்று நீ கேட்டாய், நைனா, ஊசி போட்டா பல்லு மட்டும் எப்படித் தூங்குது, நான் முழிச்சிக்கினு கீறேனே என்று. வாத்தியாராக இருந்தும் தெரியாமல், போய் விளையாடு என்றுவிட்டேன். இருபது வருஷம் கழித்து இப்போதுதான் பதில் கிடைத்தது.

திங்கட்கிழமை அம்மாவுக்கு இடது விலா இடுக்கில் கீறி, இதயத்தில் சுருங்கியிருந்த வால்வை விரித்துவிட்டார்கள். அது நன்றாகவே நடந்தது, ஆனால் மறுநாள் காயத்தின் வலியில் இருமவே மாட்டேன் என்றுவிட்டாள், மூச்சையும் மேலோடு மேலாக விட்டாள். சளி தங்கி நிமோனியா வந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் மயக்க மருந்து டாக்டரம்மா. ப்ளாக் போட்டால் வலியில்லாமல் இருமலாம் என்றார். உடனே சித்தி, இன்னா மாமா இது, கைப்பம்பு கேட்டு ப்ளாக்குல மனு குடுத்து மூணு வருசமாவுது, அக்கா வலிக்கு அவங்க எப்ப வர்றது என்றாள். அவள் சொன்னது நம் பஞ்சாயத்து யூனியன் ஆபீசை! டாக்டரம்மா சிரித்துவிட்டு, ஒவ்வொரு விலா எலும்பின் கீழும் ஒரு நரம்பு ஓடுகிறது, வலியை மூளைக்குச் சொல்வது அதுதான், அதை மறிக்கிற ஊசி இது என்றார். அன்று உன் பல்லின் நரம்புக்குப் போட்டதும் இப்படித்தானாம். மரத்தது மரத்தபடியே பூட்டா இன்னா பண்றது என்று அம்மா பயந்தாள். நான் என் வாத்தியார் பழக்கப்படி, தென்னேரி ஏரியில் ஒரு மதகை மூடினால் அந்தக் கால்வாய் மட்டும்தான் காயும், திறந்தால் மறுபடி பாயும் என்றேன். மூடினவன் வூட்டுக்குப் போய்ப் படுத்துக்கினா யாரு திறக்கிறது என்று கேட்டாள். என் சர்வீசில் எந்தப் பிள்ளையும் இப்படி மடக்கியதில்லை. யாரும் திறக்க வேணாம்மா, சில மணி நேரத்தில் மருந்து தானே விலகிடும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் முதுகைக் காட்டினாள்.

ஐந்து இடத்தில் ஊசி. கால் மணி நேரத்தில் விலாவைக் கிள்ளிப் பார்த்து, வேற யாரு ஒடம்போ மாரி கீது என்றாள். தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமினாள் பார், சளி கட்டியாக வந்தது. நேற்றும் இரண்டு முறை போட்டார்கள், காய்ச்சல் இல்லை. இனி ஊசி இல்லாமலும் மூச்சை ஆழமாக இழுக்க வேண்டும், இன்னும் பத்து நாள் அதுதான் வேலை. நர்ஸ் ஒரே மூச்சில் எண்ணச் சொன்னால் ஒன்பதில் நிறுத்திவிட்டு, இதுக்கு மேல யாராலயும் ஆவாது என்று வாதம் செய்கிறாள். என் பேச்சு எடுபடவில்லை. ஆனால் உன்னோடு போட்டி என்றால் தோற்க மாட்டாள்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், குறைவில்லாமல் இருங்கள். ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறதென்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணை மட்டும் ஒரு கார்டில் எழுதி ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அம்மா பேருக்குப் போடு.

உன் நைனா,
வ. ராஜாராம்