வாசலில் சொல்ல வேண்டியது

ஜூன் 9, திங்கள்

பக்ரீத் முடிந்தும் பிரிஜ்ஜில் கறி தீரவில்லை. மகள் ரூஹி நேற்று வெள்ளானூரிலிருந்து வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் தோளில் ஒரு பைதான் இருக்கும். இந்தத் தடவை பெரிய சூட்கேஸ். நான் கேட்கவில்லை. பெயின்ட் கடையை மூடிவிட்டு வந்த இவர்தான் கேட்டார்: "இன்னாம்மா, ஊட்டையே தூக்கினு வந்துகீறே?" சிரித்து வைத்தாள்.

மொழிபெயர்ப்பு ஓடுகிறது. இன்று நாவலில் கதாநாயகி கணவன் வீட்டை விட்டுக் கிளம்புகிற இடம். ஆங்கிலத்தில் அந்தப் பத்தியே இரண்டு சொல்தான். ஷீ லெஃப்ட். நான் எழுதியது: 'போய்ட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவள் புறப்பட்டாள்.' நன்றாக வந்திருப்பதாகப் பட்டது. டீ போட்டுக் குடித்தேன்.

ஜூன் 11, புதன்

பதிப்பகத்திலிருந்து லாவண்யா போன். என் பழைய மாணவி, இப்போது எனக்கே எடிட்டர்.

"டீச்சர், அவ புருஷன வேணாம்னு உட்டுட்டுப் போறா. திரும்பி வரவே மாட்டா. நீங்க இன்னாடான்னா போய்ட்டு வரேன்னு சொல்ல வெச்சிருக்கீங்க. அந்தாளு சாயந்திரம் டீ போட்டு வெச்சினு உக்காந்துகினு இருப்பான்."

சிரிப்பு வந்துவிட்டது. வைத்த பிறகு பழைய அத்தியாயங்களைப் புரட்டினேன். அடக்கடவுளே. தபால்காரன், டாக்டர், சண்டை போட்டுக் கதவை அறைந்துவிட்டுப் போகிற தம்பி, எல்லோரும் 'போய்ட்டு வரேன்' சொல்லித்தான் போகிறார்கள். ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிற திருடன் ஒருவன்தான் தப்பித்தான்.

என்ன செய்வது? எங்கள் வீட்டு வாசலில் யாராவது 'போறேன்' என்றால் விடமாட்டோம். திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடி ஒழுங்காகச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். ரூஹி இரண்டாம் வகுப்பில் அப்படி ஒருநாள் ஸ்கூல் வேனையே விட்டாள்.

இந்த ஆங்கில நாவலாசிரியைக்கு அந்தப் பயம் இல்லை. அவள் கதாநாயகி மூக்குக் கண்ணாடியை மேசையில் லீவ் பண்ணுகிறாள். கதவைத் திறந்தபடி லீவ் பண்ணுகிறாள். சோற்றில் பாதியை, பிறகு கணவனை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல், ஒரே குரல். எனக்கு வைத்தாள், விட்டாள், மிச்சம் வைத்தாள், பிரிந்தாள் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தேடவேண்டியிருக்கிறது. 'பிரிந்தாள்' போட்டுப் பார்த்தேன். கோர்ட் தீர்ப்பு மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ரூஹி சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை ராஷித் அவளிடம் பேசுவதில்லை. அம்பத்தூர் வேலையை விடமாட்டேன் என்று இவள் சொன்ன நாளிலிருந்து. "எதிர்ல உக்காந்து சாப்டுவான்மா. 'கொழம்புல உப்பு இல்ல, அவளாண்ட சொல்லு'ன்னு அவங்கம்மாகிட்ட சொல்வான். நான் அங்கயேதான் இருப்பேன். அவங்க திரும்பி என்னாண்ட, 'உப்பு இல்லயாம்மா' ம்பாங்க. போன வாரம் ஆபீஸ்ல ஒருத்தி என் பேரைச் சொல்லிக் கூப்ட்டா. திக்குனு ஆயிடுச்சு."

இவர் கேட்டார், "அடிச்சானா?"

"இல்ல அத்தா."

"பின்னே?"

பின்னேவாம் பின்னே! அடிச்சாத்தான் கணக்கா? ஒரு பொண்ண ஊட்டுக்குள்ளயே இல்லாதவளா ஆக்கி வெச்சிருக்கான், இந்த மனுஷன் பின்னேங்கறாரு. இரவு அவருக்குத் தனியாகச் சப்பாத்தி சுடவில்லை. எல்லோருக்கும் மீந்த சோறுதான்.

ஜூன் 15, ஞாயிறு

ராஷித்தின் தாய்மாமன் முஸ்தகீம் மாமு நசரத்பேட்டையிலிருந்து சமாதானம் பேச வந்தார். கையில் பேக்கரி டப்பா. மனுஷன் கெட்டவர் இல்லை. அவர் வைத்த ஒரே வாதம் இது:

"பொண்ணு ஒண்ணும் கோச்சிக்கினு வர்லியே? 'மாமி, போய்ட்டு வரேன்'னு வாசல்ல நின்னு சொல்லிட்டுத்தான வந்துகீது. என் தங்கச்சியே சொல்லிச்சு. வரேன்னு சொன்ன பொண்ணு வரணுமா இல்லியா?"

இவர் தலையாட்டினார். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. உண்மையில் ஒரு நிமிஷம் எனக்கும்தான்.

உள்ளறையிலிருந்து ரூஹி, "அது வாய்ப் பழக்கம் மாமு."

"நல்ல பழக்கம்மா அது," என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ராஷித் வந்து கூட்டிப்போவான் என்று முடிவானது. யார் முடிவு செய்தார்கள்? தெரியவில்லை. டப்பாவில் தேங்காய் பன் இருந்தது. யாரும் தொடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஷீ லெஃப்ட். இன்றும் எழுதவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வந்தான். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. எனக்கு சலாம், இவருக்கு சலாம். ரூஹி தண்ணீர் கொண்டுவந்து அவன் எதிரே நீட்டினாள். கை நீட்டியபடியே நின்றாள்.

அவன் இவரைப் பார்த்துச் சொன்னான்: "மாமா, தண்ணி வேணாம்னு சொல்லுங்க. சீக்கிரம் ரெடியாகவும் சொல்லுங்க."

எங்கள் வீட்டில். எங்கள் எதிரிலேயே. பழக்கதோஷத்தில் வந்ததா, வேண்டுமென்றா? அவனுக்கே தெரிந்திருக்காது.

இவர் டம்ளரைப் பார்த்தார். பிறகு அவனை. "நீயே சொல்லு நைனா. எதிர்லதான நிக்கிறா."

ராஷித் போனை எடுத்துப் பார்த்தான்.

"அவ பேரு ரூஹி. பேர் சொல்லி, வேணாம்னு சொல்லு. நானே உன்கூட அனுப்பி வெக்கிறேன்."

அவன் சொல்லவில்லை. ரூஹி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"சரி. நீ கெளம்பு," என்றார் இவர்.

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு இன்று சந்தோஷப்பட்டேன். சொல்லவில்லை. சப்பாத்தி சுட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ரூஹி திரும்பிப் போகமாட்டாள் என்று ஜமாஅத்தில் சொல்லியாகிவிட்டது. ரூஹியின் மிச்ச சாமான்களை எடுக்க நானும் அவளும் ஆட்டோவில் வெள்ளானூர் போனோம். சர்டிபிகேட், துணிமணி, இவர் வாங்கிக்கொடுத்த மிக்ஸி. ராஷித் வீட்டில் இல்லை. சம்பந்தியம்மா டீ கொடுத்தாள். குடித்தோம். சர்க்கரை சரியாக இருந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது ரூஹி திரும்பினாள். "மாமி, போய்ட்டு..." அப்படியே நின்றுவிட்டாள். சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் படியிறங்கவும் முடியவில்லை.

"போறோம்," என்றேன் நான்.

என் வாயால் நான் எந்த வாசலிலும் சொல்லாத சொல். சம்பந்தியம்மா பதறிப்போய், "அய்யோ, அப்டி சொல்லாதீங்க, போய்ட்டு வாங்க" என்றாள். சொன்ன பிறகு, தான் சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கவில்லை.

ஆட்டோவில் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று விட்டேன்.

ஜூன் 23, திங்கள்

'அவள் போனாள்.'

காலையிலேயே லாவண்யாவுக்கு அனுப்பிவிட்டேன். உடனே பதில்: "இத எழுதவா டீச்சர் இத்தினி நாளு?"

ரூஹி லீவு முடிந்து இன்று வேலைக்குக் கிளம்பினாள். டிபன் பாக்ஸை மறந்து பாதிப் படியிலிருந்து ஓடிவந்தாள். எடுத்துக்கொண்டு, வாசலில் ஒரு கணம் தயங்கி என்னைப் பார்த்தாள்.

"ம்மா, போய்ட்டு வரேன்."

"வா," என்றேன்.